டிஸ்சார்ஜுக்குப் பிறகு வரும் 30 நாள்

எடைக்குறைப்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வீட்டுல தண்ணி எப்படிக் குடிப்பீங்க?" என்றுதான். இது என்ன கேள்வி என்பதுபோல் பார்ப்பார்கள். "எப்படீன்னா, சொம்புலதானுங்க சிஸ்டர்" என்பார்கள். சொம்போ டம்ளரோ, உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் சின்ன வயதிலேயே பழக்கிவிடும் ஒழுங்கு. அண்ணாந்து ஊற்றும்போது ஒரு மடக்குக்கு இவ்வளவு என்ற கணக்கு கிடையாது. தண்ணீரோடு காற்றும் சேர்ந்து இறங்கும். இரைப்பை முழுசாக இருக்கும்வரை அதனால் ஒன்றும் ஆகாது. ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சமிருப்பது ஒரு வாழைப்பழ அளவிலான குழாய். ஸ்டேப்ளர் போட்ட இடம் முதல் வாரத்தில் வீங்கித்தான் இருக்கும். அந்த நேரத்தில் அண்ணாந்து ஊற்றிய ஒரு மடக்கு நெஞ்சுக்குழியில் அப்படியே நிற்கும். வலிக்கும், வாந்தி வரும். வாந்திக்குப் பயந்து அடுத்த முறை குடிக்கமாட்டார்கள். அப்படி இரண்டு நாள் போனால் கேஷுவல்டிக்குத்தான் வர வேண்டியிருக்கும்.

நான் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பேரியாட்ரிக் பிரிவில் கோ-ஆர்டினேட்டர். படித்தது நர்சிங். சர்ஜரி வார்டில் வேலை பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்தேன். ஈரோடு, தர்மபுரி, பொள்ளாச்சி, பாலக்காடு என்று பல திசைகளிலிருந்தும் எங்களிடம் வருகிறார்கள். ஆபரேஷனுக்கு முன் அவர்களோடு உட்கார்ந்து பேசுவது, டிஸ்சார்ஜ் அன்று பேசுவது, அதன்பிறகு போனில் பேசுவது, இதுதான் என் வேலை. 30 நாளுக்குள் ஒருவர் மறுபடி வந்து படுத்தால் ‘ரீ-அட்மிஷன்’ என்று பதிவேட்டில் எழுதுவதும் நானே. அப்படி எழுதும்போதெல்லாம், இவர் திரும்பி வருவார் என்பதற்கான அடையாளம் டிஸ்சார்ஜ் அன்றே கண்ணில் பட்டிருக்குமா என்று யோசிப்பேன். யோசித்துப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டதை இங்கே எழுதுகிறேன்.

1966-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன், இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் கேஸ்ட்ரிக் பைபாஸைத் தொடங்கியபோது வயிற்றை நீளமாகத் திறந்துதான் செய்தார்கள். அப்படித் திறந்த வயிறு ஆறும்வரை நோயாளி பல நாள் வார்டிலேயே கிடப்பார். நாலாம் நாள் காய்ச்சல் வந்தாலும், ஆறாம் நாள் வாந்தி எடுத்தாலும் பக்கத்திலேயே நர்ஸ் இருப்பாள். 1994-ல் விட்குரோவ், கிளார்க் குழுவினர் பைபாஸை லேப்ராஸ்கோபி வழியாகச் செய்ததை வெளியிட்டார்கள். அதன்பிறகு நிலைமை படிப்படியாக மாறியது. இன்று இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ காயத்தில் சின்னப் பிளாஸ்திரியோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இது பெரிய நன்மை, சந்தேகமில்லை. ஆனால் அந்த நாலாம் நாளும் ஆறாம் நாளும் இப்போது வீட்டில் கழிகின்றன. நாங்கள் வார்டில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை மனைவியோ அம்மாவோ மாமியாரோ எந்தப் பயிற்சியும் இல்லாமல் பார்க்கிறார்கள்.

அமெரிக்காவின் பெரிய பதிவேடுகளைப் பார்த்தால், ஸ்லீவ் செய்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பேரும், பைபாஸ் செய்தவர்களில் ஏறத்தாழ ஆறு பேரும் 30 நாளுக்குள் திரும்பி வருகிறார்கள். காரணங்களில் முன்னால் நிற்பவை குமட்டல், வாந்தி, உடம்பில் நீர் வற்றிப்போவது. தையல் கசிவு, ரத்தப்போக்கு, குடல் அடைப்பு, புண்ணில் சீழ் எல்லாம் உண்டு. ஆனால் பேச்சில் அடிபடும் அளவுக்கு எண்ணிக்கையில் இல்லை. யாருக்கு ஆபத்து அதிகம் என்ற பட்டியலும் இருக்கிறது. ஸ்லீவைவிட பைபாஸ் செய்தவர்களுக்கு அதிகம். ஆபரேஷன் நீண்ட நேரம் இழுத்தவர்கள், முதல் தடவையே சிக்கலாகி அதிக நாள் படுத்திருந்தவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், முன்பே காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியவர்கள், துணையில்லாமல் நடமாட முடியாதவர்கள். இவையெல்லாம் கேஸ் ஷீட்டைப் புரட்டினாலே தெரிந்துவிடும். ஆனால் இந்த விவரங்களை வைத்துப் போட்ட கணக்குகள், குறிப்பாக இன்னார் திரும்பி வருவார் என்று சொல்வதில் சுமாராகத்தான் தேறியிருக்கின்றன. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. நோயாளி எந்த வீட்டுக்குப் போகிறார் என்பது கேஸ் ஷீட்டில் இருப்பதில்லை.

தண்ணீர் விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஸ்லீவ் செய்தவருக்குப் பசியும் மந்தம், தாகமும் மந்தம். ஆனால் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போயாக வேண்டும். மருந்து அளக்கும் சின்ன பிளாஸ்டிக் கப் ஒன்றை எல்லோருக்கும் கொடுத்தனுப்புகிறோம். அதில் 30 மில்லி பிடிக்கும். கால் மணிக்கு ஒரு கப், அதுவும் இரண்டு மூன்று வாயாக உறிஞ்சி. காலை ஏழு மணிக்குத் தொடங்கி இரவு ஒன்பதுவரை விடாமல் குடித்தால் 56 கப்; 1,680 மில்லி. கேட்கும்போது எளிது. ஒரு நாள் முழுக்கக் கால் மணிக்கொருமுறை செய்ய வேண்டிய வேலையை யார் நினைவூட்டுவது? நோயாளி களைத்துப்போய்த் தூங்குவார். மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கினாலே எட்டு கப் போச்சு.

பெருந்துறைப் பக்கமிருந்து வந்த ஒரு பெண்ணின் மாமியாரை மறக்க முடியாது. டிஸ்சார்ஜ் அன்று நான் கப்பைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா குறுக்கிட்டார். "பச்ச ஒடம்புங்க சிஸ்டர். தண்ணி நெறையக் குடிச்சா புண்ணுல சீழ் வெச்சுக்குமுங்க. எங்க பக்கம் ஆபரேசன் பண்ணுனவங்களுக்குத் தொண்டை நனையற அளவுக்குத்தான் குடுப்போம்." பிள்ளை பெற்றவளுக்கும் ஆபரேஷன் ஆனவர்களுக்கும் தண்ணீரைக் குறைக்கும் இந்த வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. அதை மூடத்தனம் என்று பேசிவிட்டு வந்தால் அவர் தலையாட்டுவார். வீட்டில் அவர் சொல்தான் நடக்கும். நான் கப்பை மருமகளிடம் கொடுக்கவில்லை. மாமியார் கையில் கொடுத்தேன். "அம்மா, புண்ணு இருக்கறது உள்ள, வயித்துல. சீழ் வராம இருக்க டாக்டர் ஊசி போட்டிருக்காரு. இப்ப தண்ணி கொறஞ்சா கிட்னி கெடும், கால்ல ரத்தம் கட்டும். மணிக்கு நாலு கப் நீங்கதான் குடுக்கணும். நாளைக்கு நான் போன் பண்றப்ப உங்ககிட்டதான் கணக்குக் கேப்பேன்" என்றேன். அந்த அம்மா மளிகைக் கணக்கு நோட்டில் கோடு போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் எத்தனை கப் என்று சொன்னார். மோர்த்தெளிவு, ரசத்தெளிவு, இளநீர், பருப்புத்தண்ணி என்று அவராகவே மாற்றி மாற்றிக் கொடுத்தார். அந்தப் பெண்ணின் எடையும் சர்க்கரையும் எங்கள் கணக்குப்படி ஆபத்தான பக்கம்தான். பிரச்சினையே இல்லாமல் தேறிவிட்டாள்.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழக்கம், அறிவுரையை நோயாளியிடம் சொல்லாமல் அடுப்படி யார் கையில் இருக்கிறதோ அவரிடம் சொல்வது. அப்படி ஒருவர் இல்லையென்றால் அந்தப் பெயருக்கு நேரே என் நோட்டில் ஒரு புள்ளி வைப்பேன். தனியாக அறை எடுத்துத் தங்கி திருப்பூரில் வேலை பார்க்கிற இளைஞர்கள், கணவர் துபாயில் இருக்க இரண்டு சின்னக் குழந்தைகளோடு இருக்கும் பெண்கள், மனைவி இறந்துபோன பெரியவர்கள். இவர்களுக்கு முதல் வாரம் தினமும் போன்.

ஊருக்குப் போகும் பயணமும் ஆபத்துதான். தர்மபுரிக்கோ தேனிக்கோ நாலைந்து மணி நேரம் காரில் உட்கார்ந்தே போவார்கள். வழியில் சுத்தமான கழிப்பறை கிடைக்காது என்று பெண்கள் கிளம்புவதற்கு முன்பிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். இது எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த கணக்கு. ஆண் டாக்டர்கள் பலருக்கும் தோன்றுவதில்லை. பருத்த உடம்பு, புதிதாக ஆபரேஷன், அசையாத கால், வற்றிப்போன ரத்தம் எல்லாம் சேர்ந்தால் காலில் ரத்தம் உறையும். அது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இந்த ஆபரேஷனுக்குப் பின் நேரும் மரணங்களில் இது முக்கியமான காரணம். அரிதாக, ஸ்லீவ் செய்தவர்களுக்குக் கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் ரத்தக்குழாயிலேயே உறைந்துவிடுவதும் உண்டு. வெறும் வயிற்று வலியாகத்தான் தெரியும். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்க வயிற்றுத் தோலில் போடும் ஊசியை வீட்டிலும் சில வாரம் தொடரச் சொல்வார்கள். ஊசியை வாங்கிக்கொண்டு போகிறார்களே தவிர, யார் போடுவது என்று கேட்டால் பதில் இருக்காது. நோயாளியை அனுப்புவதற்கு முன் வார்டிலேயே ஒரு ஊசியை வீட்டுக்காரர் கையால் போடவைத்துப் பார்க்கிறோம். காரில் மணிக்கொரு முறை நிறுத்தி நடக்க வேண்டும், கழிப்பறைக்கு எந்த ஊர் பெட்ரோல் பங்க், எந்த ஓட்டல் என்பதுவரை பேசித்தான் அனுப்புகிறேன்.

மாத்திரை டப்பாதான் நான் மிகவும் பயப்படும் பொருள். ஆபரேஷனுக்கு முன் இவர்கள் பெரும்பாலும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கைநிறைய மாத்திரை விழுங்கியவர்கள். ஆபரேஷன் ஆன சில நாளிலேயே சர்க்கரை மளமளவென்று இறங்கும், சாப்பாடும் கிடையாது. பழைய கிளிமிபிரைடு மாத்திரையை அதே அளவில் போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார்கள். நீரைப் பிரித்து வெளியேற்றும் பிரஷர் மாத்திரையைத் தொடர்ந்தால், ஏற்கெனவே வற்றிய உடம்பு இன்னும் வற்றி கிரியேட்டினின் ஏறும். எல்லாவற்றிலும் ஏமாற்றுவது டாப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை. சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடும் நல்ல மருந்துகள் அவை. டாப்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2020-ல் முடிந்து விலை இறங்கியதிலிருந்து கிராமத்து மருந்துக் கடையிலும் கிடைக்கிறது. ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே அவற்றை நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க மருந்துத் துறையும் 2020-ல் சொல்லியிருக்கிறது.

மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர். நிறுத்த வேண்டிய மாத்திரைகளைத் தனியாக எழுதித்தான் கொடுத்திருந்தோம். வீட்டில் மேசைமேல் பழைய டப்பா அப்படியே இருந்தது. "சுகர் மாத்திரைய நிறுத்தறதாவது" என்று பயந்த மனைவி மறுநாளிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆறாம் நாள் குமட்டல், வயிற்று வலி, மேல்மூச்சு. பக்கத்து ஊரில் ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார்கள். சர்க்கரை 170-தான் இருந்தது. ஆபரேஷன் ஆன உடம்பு, கேஸ் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இங்கே வந்து இறங்கும்போது அவர் ஓடி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நாக்கு உலர்ந்து ஒட்டியிருந்தது. ரத்தத்தில் அமிலம் ஏறிப்போயிருந்தது, சிறுநீரில் கீட்டோன். சர்க்கரை ஏறாமலே கீட்டோன் ஏறும் இந்த நிலையை, அந்த மாத்திரையை நினைவில் வைத்திருப்பவர்தான் சட்டென்று பிடிப்பார். இன்சுலினும் குளுக்கோஸும் சேர்த்து ஏற்றி, நிறையத் திரவம் கொடுத்து, ஐசியூவில் பார்த்துத் தேற்றினார்கள். இப்போதெல்லாம் டிஸ்சார்ஜ் அன்று வீட்டு மாத்திரை டப்பாவையே கொண்டுவரச் சொல்கிறேன். கட்டில்மேல் கொட்டி, நிறுத்த வேண்டியதை ஒரு கவரில் போட்டு ஒட்டி, மேலே சிவப்பு மையில் ‘டாக்டர் சொல்லும்வரை பிரிக்கக்கூடாது’ என்று எழுதிக் கொடுக்கிறேன். பட்டியலைப் படிக்காதவர்களும் அந்தக் கவரைப் பிரிப்பதில்லை.

ஊருக்குத் தெரியாமல் ஆபரேஷன் செய்துகொள்பவர்கள் தனி வகை. எனக்கு அதிகம் மனவேதனை தருபவர்களும் அவர்களே. பருமனாக இருந்தபோது உருவத்தைக் கேலி பேசிய அதே வாய்கள், ஆபரேஷன் என்று தெரிந்தால் ‘வாயைக் கட்ட முடியாம வயித்த வெட்டிக்கிட்டா’ என்று பேசும். அதனால் மறைக்கிறார்கள். கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் பெண்களின் வீட்டில் இது மிகவும் அதிகம். உறவுக்காரர்களிடம் ‘குடல்வால் ஆபரேஷன்’ என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் விருந்தில் இலை போட்டு உட்காரவைக்கும்போது வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. அவசரமாக ஒரு வாய், அப்புறம் பின்பக்கம் போய் வாந்தி.

அப்படி ஒரு பெண் வாரக்கணக்கில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் போனை எடுக்கவில்லை. வீட்டில் யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். ஊரிலிருந்த டாக்டரிடமும் குடல்வால் என்றே சொல்லியிருக்கிறார்கள். அவர் கேட்டதை நம்பி அல்சர் என்று எண்ணி வைத்தியம் பார்த்தார், களைப்புக்குக் குளுக்கோஸ் டிரிப்ஸ் ஏற்றினார். அவர்மேல் குற்றம் சொல்ல எதுவுமில்லை. உடம்பில் தயமின் என்ற பி-1 வைட்டமினின் சேமிப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். விடாத வாந்தியில் அது காலியான உடம்பில், தயமின் கொடுக்காமல் குளுக்கோஸை ஏற்றினால் மிச்சமிருப்பதும் கரைந்து மூளை பாதிக்கப்படும். அவளுடைய அம்மாதான் கவனித்திருக்கிறார். மகள் சமையலறைக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறாள். டிவியில் ஆள் இரண்டிரண்டாகத் தெரிகிறார் என்கிறாள். வார்டுக்கு வந்தபோது பக்கவாட்டில் பார்க்கச் சொன்னால் கருவிழி நிலையாக நிற்காமல் துடித்தது. என்ன கிழமை என்று கேட்டதற்கு யோசித்து யோசித்துத் தவறாகச் சொன்னாள். தயமின் குறைவால் வரும் வெர்னிக்கே நோய் என்று டாக்டர் உடனே சொல்லிவிட்டார். ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் அதிக அளவில் தயமினை ரத்தக்குழாய் வழியாக ஏற்றினோம். கண் சில நாளில் சரியானது. தடுமாறாமல் நடப்பதற்கு மாதங்கள் பிடித்தன.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்பவர்களை நான் வற்புறுத்துவதில்லை. அது அவர்கள் உடம்பு, அவர்கள் வாழ்க்கை. ஆனால் இரண்டு பேருக்குத் தெரிந்தே ஆகவேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை: வீட்டில் ஒருவர், ஊரில் காய்ச்சல் தலைவலிக்குப் போகும் டாக்டர் ஒருவர். வாந்தி இரண்டு நாளைத் தாண்டினால் எங்கே இருந்தாலும் முதலில் தயமின் ஊசி, பிறகுதான் குளுக்கோஸ். இதை அவர்கள் போனிலேயே குரல்பதிவாக அனுப்பிவைத்திருக்கிறேன்.

தையல் கசிவு எண்ணிக்கையில் குறைவு, விளைவில் கொடியது. ஸ்லீவில் அது பெரும்பாலும் மேல்முனையில், உணவுக்குழாய் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில் வரும். வீட்டுக்குப் போய் ஒரு வாரம் கழித்தும் வரலாம். வயிற்றைத் தொட்டால் பெரிதாக வலி தெரியாது. பருத்த உடம்பில் அது ஒளிந்துகொள்ளும். முதலில் காட்டிக்கொடுப்பது நாடித்துடிப்புதான். உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 120-க்கு மேல் நின்றால், வேறு எதுவும் இல்லாவிட்டாலும் நாங்கள் விடமாட்டோம். கூடவே காய்ச்சலோ இடது தோளில் வலியோ இருந்தால் பேச்சே இல்லை. வீட்டில் நாடி எண்ணச் சொல்லிக்கொடுப்பது கஷ்டமாக இருந்தது. கொரோனா அதற்கு ஒரு வழி செய்தது. 2021-ல் வாங்கிய விரல்நுனிக் கருவி ஏதாவது ஒரு அலமாரியில் கிடக்கும். ஆக்சிஜன் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் வரும், அதுதான் நாடி. "அந்த ரெண்டாவது நம்பரக் காலைலயும் சாயங்காலமும் எனக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க" என்கிறேன். ஒரு பஸ் டிரைவரின் மகன், பத்தாவது படிக்கிற பையன், ஒரு ராத்திரி ‘128, அப்பா நல்லாத்தான் இருக்காரு’ என்று அனுப்பினான். உடனே கிளம்பி வரச் சொன்னேன். சிடி ஸ்கேனில் கசிவு சிறிதாகவே தெரிந்தது. ட்யூப் வைத்து வடித்து, உள்ளே ஸ்டென்ட் வைத்து, வாரக்கணக்கில் குடலுக்கு நேரடியாக உணவு கொடுத்துக் காப்பாற்றினார்கள். அந்தப் பையன் மறுநாள் காலைவரை பொறுத்திருந்தால் இவ்வளவு எளிதாக முடிந்திருக்காது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019 விதிப்படி, இந்த ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் பணம் கிடைக்க பிஎம்ஐ 40-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் 35-க்குக் குறையாமல் இருந்து கூடவே கட்டுக்கடங்காத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்தடை, இதயநோய் போன்ற ஏதாவது இருக்க வேண்டும். ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதயநோயும் வருவதால் 27.5-லிருந்தே இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்று 2022-ல் சர்வதேச சங்கங்கள் வழிகாட்டியிருக்கின்றன. இந்த இடைவெளியில் இருப்பவர்கள் நகையை அடகு வைத்துத்தான் செய்துகொள்கிறார்கள். அவர்களுக்கு மறுபடி அட்மிஷன் என்ற சொல்லே பயம். ‘இன்னும் ஒரு நாள் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவார்கள். நீர் வற்றலில் அந்த ஒரு நாள்தான் டிரிப்ஸோடு முடியவேண்டியதைச் சிறுநீரகம் வரை கொண்டுபோகிறது. அதனால் டே-கேரில் படுக்கை ஒதுக்கச் சொல்லி நான் விடாமல் கேட்டு வாங்கினேன். காலையில் வந்தால் தயமினோடு இரண்டு லிட்டர் ரிங்கர் லாக்டேட் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம். செலவு கொஞ்சம். திரும்பி வரத் தயங்குபவர்கள்கூட இதற்கு வந்துவிடுகிறார்கள்.

அமெரிக்க சர்ஜன்கள் கல்லூரியின் பேரியாட்ரிக் தர அமைப்பு ‘டிராப்’ என்ற பெயரில் ரீ-அட்மிஷனைக் குறைக்க ஒரு திட்டம் நடத்தியது. ஆபரேஷனுக்கு முன்பே உணவு ஆலோசனை, டிஸ்சார்ஜ் ஆனதும் போன், அடுத்த தேதியை முன்கூட்டியே குறித்துக் கொடுப்பது எல்லாம் அதில் அடக்கம். விலை உயர்ந்த கருவி ஒன்றும் வேண்டியதில்லை, பேச ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எண்ணிக்கையைக் குறைப்பதையே இலக்காக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வலி என்று வந்து, ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சுத்தமாக இருந்து, ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. துக்கத்துக்கும் தனிமைக்கும் சாப்பாட்டையே துணையாக வைத்திருந்தவர்கள் அவர்களில் அதிகம். அந்தத் துணை திடீரென்று போய்விட்டது. பயம் வயிற்றில் வலியாக வருகிறது. அதை ‘தேவையில்லாத அட்மிஷன்’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அன்று அவரைத் திட்டி அனுப்பினால், உண்மையாகவே கசிவு வரும் அன்று அவர் வரமாட்டார். வந்து போனவர்களைவிட வராமல் இருந்தவர்களை நினைத்துத்தான் நான் தூக்கம் இழந்திருக்கிறேன்.

இன்னொன்று, எங்கள் பதிவேட்டில் ரீ-அட்மிஷன் குறைவாக இருந்தால் அதை முழுதாக நம்ப முடியாது. அந்தியூரில் ராத்திரி வயிற்று வலி வந்தால் யாரும் கோவைக்கு வரமாட்டார்கள். பக்கத்து மருத்துவமனைக்குத்தான் போவார்கள். அங்கே இருக்கும் டாக்டர் இப்படி மாற்றியமைத்த வயிற்றைப் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. வாந்தி என்றதும் மூக்குவழியாக ரைல்ஸ் ட்யூப் போடுவது அவருக்கு வழக்கமான முதல் வேலை. புதிதாகத் தைத்த சின்ன இரைப்பையில் கண்ணால் பார்க்காமல் ட்யூபைத் தள்ளினால் கிழிந்துவிடலாம். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் எழுதுவார். பைபாஸ் செய்தவருக்கு அது குடல் இணைத்த இடத்தில் புண்ணாக்கும். சிகரெட்டும் அதையே செய்யும். வேகமாக இளைப்பதால் பித்தப்பையில் கல் சேரும். அந்த வலியைக் கேஸ் என்று நினைப்பார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரி பல பக்கம் இருக்கும். அதை அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. அதனால் பர்ஸில் வைக்கும் அளவுக்கு ஒரு அட்டை செய்தோம். ஒரு பக்கம் வயிற்றின் படம்: என்ன வெட்டப்பட்டது, எது எதோடு இணைக்கப்பட்டது. மறுபக்கம் நாலு வரி: ட்யூபைப் பார்க்காமல் போடாதீர்கள், குளுக்கோஸுக்கு முன் தயமின், டைக்ளோஃபெனாக் வகை வேண்டாம், நாடி 120 என்றால் உடனே கூப்பிடுங்கள். கீழே இரவிலும் எடுக்கப்படும் ஒரு போன் எண். லேமினேட் செய்து கொடுக்கிறோம்.

பைபாஸ் செய்து மூன்றாம் வருஷம் கர்ப்பமான ஒரு பெண். குழந்தையே இல்லை என்றிருந்து, எடை குறைந்தபின் உண்டானவள். 30 நாள் கணக்கெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. எங்கள் பதிவேட்டில் அவள் நல்லபடியாகத் தேறியவள். எட்டாம் மாதம் மேல்வயிற்றில் விட்டுவிட்டு வலி. பிரசவ வலியில்லை, குழந்தையின் துடிப்பும் நன்றாக இருந்தது, கேஸ் மருந்தோடு அனுப்பியிருக்கலாம். ஊரில் அவளைப் பார்த்த பெண் டாக்டர் அட்டையைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு ராத்திரி அந்த எண்ணுக்குக் கூப்பிட்டார். பைபாஸில் குடலை இடம் மாற்றும்போது உண்டாகும் சந்துகளைத் தைத்து மூடுவார்கள். உடம்பு இளைத்துக் கொழுப்பு கரையும்போது அவை மறுபடி திறக்கலாம், வளரும் கருப்பை மேலே தள்ளும்போது குடல் அவற்றில் போய்ச் சிக்கலாம். எங்கள் சர்ஜன் போனிலேயே, சாப்பிட்டதும் வலி கூடுகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றார் அந்த டாக்டர். வேறு எதற்கும் காத்திருக்காமல் ஆம்புலன்ஸில் ஏற்றச் சொன்னார் சர்ஜன். விடியற்காலையில் வயிற்றைத் திறந்தபோது சிக்கிய குடல் கறுக்கத் தொடங்கியிருந்தது. விடுவித்துச் சூடான துணி போட்டுக் காத்திருந்ததும் நிறம் திரும்பியது. ஒரு அங்குலம்கூட வெட்ட வேண்டியிருக்கவில்லை. குழந்தை நாலு வாரம் கழித்துப் பிறந்தது. அந்த டாக்டர் பிறகு இன்னும் கொஞ்சம் அட்டைகள் அனுப்பச் சொன்னார், அவர் பகுதியில் வேறு எங்கோ ஆபரேஷன் செய்துகொண்டு அட்டை இல்லாமல் இருப்பவர்களுக்கு அவரே எழுதிக் கொடுக்கிறாராம். அனுப்பிவைத்தேன்.